பால் பொங்கிய லேமினேட் தரை

1. பக்கெட் டிரெய்னிங்

மலேசியாவில், பினாங்கின் ஜெலுத்தோங்கில் தரை சாமான் விற்கும் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி ஜமால் எனக்குக் கேட்டலாக்கையும் காட்டவில்லை, விலைப் பட்டியலையும் காட்டவில்லை. ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வரச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. கிளார்க் வேலை என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டுக் கடையைக் கழுவச் சொல்கிறாரே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பிடித்து வந்தேன். அவர் கையகல லேமினேட் துண்டு ஒன்றை எடுத்து அதில் போட்டார்.

"நாளைக்குக் காலையில வந்து பாரு சாந்தி. இதான் உனக்கு டிரெய்னிங்."

மறுநாள் பார்த்தேன். மேலே மரம் மாதிரித் தெரியும் படம் அப்படியே பளபளவென்று இருந்தது. ஓரம் மட்டும் கோப்பியில் ஊறிய பிஸ்கட் மாதிரி உப்பிப் போயிருந்தது.

"மேல இருக்கிறது தண்ணிக்கு அசையாது. உள்ள இருக்கிறது மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை. ஜாயிண்ட் வழியா தண்ணி எறங்குச்சுன்னா இப்படித்தான் வீங்கும். வெயில்ல போட்டாலும் பழையபடி ஆகாது. இது ஒன்னு தெரிஞ்சா போதும், மத்ததெல்லாம் கேட்டலாக்ல இருக்கு" என்றார்.

அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் அந்தக் கடையில் இருந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள், போகப் போக டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக அளக்கப் போகிறவளாக ஆனேன். எந்த அறைக்கு எந்தத் தரை என்று சாந்தி அக்காவைக் கேட்டால் போதும் என்று பினாங்கில் பேர் வாங்கினேன். அந்தப் பேர் கப்பலேறிய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் படித்துச் சிரிக்கலாம், பரவாயில்லை.

2. வீடு பூரா ஒரே கலர்

தரை போட வேண்டும் என்று எங்கள் கடைக்கு வந்த லெட்சுமி, சுங்கை பினாங்கில் ஒரு ஃபிளாட் வாங்கியிருந்தாள். ஏழாவது மாடி. ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை. வீட்டுக்காரர் மணியம் பஸ் ஓட்டுகிறார். பதினான்கு வருஷம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு, முதல் முதலாகச் சொந்தமாக வாங்கிய வீடு. பட்டர்வொர்த்தில் இருக்கும் மாமியார் மட்டும், "வாசல் தெக்கப் பாத்து இருக்கு, நமக்கு ஆகாது" என்று ஆரம்பத்திலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்திருந்தாராம். லெட்சுமி காதில் வாங்கவில்லை. ஆசைப்பட்டாள், வாங்கிவிட்டாள்.

நான் அளக்கப் போனபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"அக்கா, வீடு பூரா ஒரே கலர். ஹால், ரூம், அடுப்படி, சாமி இடம் எல்லாம். அந்த டார்க் மரக் கலர்."

"பாத்ரூம் என்ன பாவம் செஞ்சுச்சு? அங்கயும் போட்டுருவோமா?"

"போங்கக்கா, கேலி பண்ணாதீங்க!"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு அறையாக வெறுங்காலில் நடப்பேன். காலில் சில்லென்று ஈரம் தெரிந்தால் அளவெடுப்பதற்கு முன்பே அதற்கு வழி பார்க்க வேண்டும். அந்த வீட்டில் ஈரம் இல்லை. பெரிய படுக்கையறைக்கு எட்டு எம்எம் கனம் போதும் என்றேன். இரண்டு பேர் தூங்கும் இடத்துக்கு அதற்கு மேல் போடுவது வீண். ஆனால் சுவரில் இருந்த குளிரூட்டும் ஏர்கானைப் பார்த்ததும், "இதைச் சர்வீஸ் பண்ணி எவ்ளோ நாளாச்சு?" என்று கேட்டேன். ஏர்கான் சொட்டியே கெட்டுப்போன படுக்கையறைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். "சர்வீஸ் பண்ணிட்டு எனக்கு போன் பண்ணு, அப்புறம்தான் தரை" என்று சொல்லிவிட்டேன். மகள்கள் அறையில் நாற்காலியை இழுத்து இழுத்துப் படிப்பார்கள், அதனால் தேய்மானம் தாங்கும் ஏசி நான்கு ரகம் (ஏர்கான் இல்லை, தேய்மானத் தரத்துக்கு ஏசி என்று பேர்). நாற்காலிக் காலுக்கெல்லாம் அடியில் ஒட்டுவதற்கு ஃபெல்ட் துணி. ஹாலுக்குப் பன்னிரண்டு எம்எம், அதே ஏசி நான்கு. ஆட்கள் வந்து போகும் இடம், மெல்லியதாகப் போட்டால் நடக்கும்போது டொக் டொக்கென்று கேட்கும், கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

"அடுப்படி?" என்றாள்.

"அடுப்படிக்கு என் கடையில லேமினேட் கிடையாது."

"நேத்து அடுக்கி வச்சிருந்ததைப் பார்த்தேனே!"

"உனக்குக் கிடையாது. இருக்கிற டைல்ஸ் நல்லா இருக்கு, அப்படியே விடு."

சாமி இடத்திலும் எண்ணெய் சிந்தும், தீர்த்தம் சிந்தும் என்று சொல்லி, அந்த மூலையில் இருந்த டைல்ஸை அப்படியே விட்டேன். பால்கனி ஓரம் மழைச் சாரல் அடிக்கும் என்று அங்கேயும் ஒரு சாண் விட்டேன். எந்தெந்த வழியில் தண்ணீர் வருமோ அத்தனையையும் அடைத்துவிட்ட திருப்தி. கடைக்குத் திரும்பி முதலாளியிடம், "என்னைத் தவிர வேற யார் முதலாளி இவ்ளோ யோசிப்பாங்க?" என்று கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பலகைப் பெட்டிகளை இரண்டு நாள் அந்த வீட்டிலேயே அடுக்கி வைத்தோம். வீட்டின் காற்றுக்குப் பலகை பழக வேண்டும், இல்லையென்றால் போட்ட பிறகு நெளியும். அப்புறம் எங்கள் ஃபிட்டர் ரவி வந்து, சுவரோரம் பத்து எம்எம் இடைவெளி விட்டு, அதை மறைக்க ஸ்கர்டிங் பட்டை அடித்து, மூன்று நாளில் முடித்தான். லெட்சுமி ஹாலின் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து, கையால் தரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

3. பொங்கலோ பொங்கல்

அந்த வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தாள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன்.

அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட முடியாது. வந்திருந்தவர்களோ நாற்பது பேர். எல்லாரும் பார்க்கட்டும் என்று மணியம் ஹாலின் நடுவிலேயே ஏற்பாடு செய்திருந்தார். தரையில் பழைய பேப்பர், அதன் மேல் வாழையிலை, இலைக்கு மேல் கேஸ் அடுப்பு, அடுப்பில் மஞ்சள் கட்டிய புதுப் பானை.

பால் நுரைத்து மேலே வந்தது. எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். பானையின் கிழக்குப் பக்கமாக வழிந்தது பாருங்கள், "கிழக்கால பொங்குது! கிழக்கால பொங்குது!" என்று ஒரே சத்தம். "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தியதில் எல்லாரையும் விட என் குரல்தான் பெரிது. கை வேறு தட்டினேன். பால் அடுப்பில் இறங்கி, இலையில் ஓடி, பேப்பருக்கு அடியில் புகுந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன். எவ்வளவு பொங்குகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன்.

பழக்கதோஷத்தில் கை தானாக டிஷ்யூ பேப்பரை எடுத்தது. உடனே லெட்சுமியின் மாமியார் சொன்னார்: "இப்ப தொடைக்காதம்மா. பொங்குன பாலு. பூஜை முடியட்டும்."

"ஆமாம்மா, ஆமாம்மா" என்று பயபக்தியோடு டிஷ்யூவை ஹேண்ட்பேக்கில் வைத்துவிட்டேன். பூஜை முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் இரண்டு தரம் கேசரி வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்கும் ஒரு பொட்டலம் தாப்பாவ் பண்ணிக்கொண்டு வந்தேன்.

4. எந்திரிச்சு நிக்குது

பதிமூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை, லெட்சுமி போன் பண்ணினாள். குரலே சரியில்லை.

"அக்கா, கொஞ்சம் வீட்டுக்கு வர்றீங்களா? தரை எந்திரிச்சு நிக்குது."

போனேன். ஹாலின் நடுவில் ஒரு பாய் விரித்திருந்தாள். அவளே பாயை விலக்கினாள். ஏழெட்டுப் பலகைகள், இணைப்புக்கு இணைப்பு கூரை மாதிரி மேலே எழும்பியிருந்தன. காலை வைத்தால் தடுக்கியது.

"வீட்ல வேற எங்கயும் இல்லக்கா. சரியா பால் பொங்குன எடத்துல மட்டும். அத்தை அப்பவே சொன்னாங்க, இந்த வீடு ஆகாதுன்னு. நான்தான் கேக்கல. இவரு வாயைத் தொறந்து பேசவே மாட்டாரு, அவரே நேத்து, 'வித்துட்டுப் போயிரலாமா'ன்னு கேக்குறாரு. ஞாயித்துக்கிழமை அத்தை வர்றாங்க. இதைப் பார்த்தா என்ன சொல்வாங்க?" சொல்லிவிட்டு அழுதுவிட்டாள்.

பாயை விலக்கிய நிமிடமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மழைக்குப் பயந்தேன், ஏர்கானுக்குப் பயந்தேன், தீர்த்தத்துக்குக்கூட இடம் விட்டேன். புது வீட்டில் பால் காய்ச்சுவார்கள், அது பொங்கி வழிந்தே ஆக வேண்டும் என்பதை மட்டும், தமிழச்சியாகப் பிறந்த நான் யோசிக்கவே இல்லை! 'எங்கே பால் காய்ச்சப் போறே?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அடுப்படி டைல்ஸிலேயே வை என்று சொல்லியிருப்பேன்.

அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இத்தனை வருஷம் வாங்கிய பேர் போய்விடுமே என்று பயந்தேன். "கடையில கேட்டுட்டுச் சொல்றேன் லெட்சுமி" என்று மழுப்பிவிட்டு லிஃப்டைத் தேடி ஓடினேன்.

5. பால்ல தண்ணி இல்லையா?

மறுநாள் முழுக்க முதலாளியிடமும் சொல்லாமல் மென்று விழுங்கினேன். சனிக்கிழமைதான் வாயைத் திறந்தேன். அவர் வாரண்டி ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஜாயிண்ட் வீங்கியிருக்குன்னா தண்ணிதான். வாரண்டி கிடையாது. கஸ்டமர் மிஸ்டேக்னு எழுதிரு" என்றார்.

"தண்ணி இல்ல முதலாளி. பாலு."

"பால்ல தண்ணி இல்லையா?"

"அவங்க மேல எழுத முடியாது முதலாளி. பால் பொங்குறப்போ நானும் அங்கதான் நின்னேன்."

"நின்னுக்கிட்டு என்ன பண்ணின?"

"கை தட்டினேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். "ஏம்மா, நான் முஸ்லிம். உங்க ஆளுங்க வீட்ல பால் பொங்க விடுவாங்கன்னு எனக்கே தெரியும். எத்தனை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கேன். உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்று தலையாட்டினேன்.

"ஸ்டோர்ல அதே லாட்ல ஒரு பெட்டி இருக்கு, ரவியைக் கூட்டிக்கிட்டுப் போய் மாத்திக் குடு. ஆனா என்ன ஆச்சுன்னு நீயே சொல்லணும். நான் போன் பண்ணிச் சொல்ல மாட்டேன் லா."

6. வாயில என்ன கேசரியா?

ஞாயிற்றுக்கிழமை ரவியோடு போனபோது மாமியார் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். பாய் விரித்தபடியே இருந்தது. லெட்சுமியின் முகம் வெளிறிப் போயிருந்தது. மணியம் சுவரோரம் நின்றார்.

நான் உட்காரக்கூட இல்லை. பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். "அம்மா, நீங்களும் கேளுங்க. தரை வீங்கிப்போச்சு. வீட்டு மேல ஒரு குத்தமும் இல்ல. குத்தம் என்னுது. இந்தப் பலகை ஈரம் தாங்காது. பாலை அடுப்படியில காய்ச்சுங்கன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

ரவி பக்கத்துச் சுவரின் ஸ்கர்டிங்கைக் கழற்றி, பலகைகளுக்கு நம்பர் போட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு நடுவுக்கு வந்தான். வீங்கிய பலகையைத் தூக்கினானே, அவ்வளவுதான்! புளித்த பால் நாற்றம் ஹால் பூராவும் பரவியது. மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஐயையே! தயிராவே போயிருச்சு!"

லெட்சுமி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். அடியில் விரித்திருந்த ஃபோமில் பால் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது.

"அப்போ பாலுதானா?"

"பாலுதான்."

"உங்க தப்புதானா?"

"என் தப்புதான்."

பிறகு திட்டினாள் பாருங்கள்! "மூணு நாளாக்கா! வியாழக்கிழமை வந்து பார்த்தீங்கல்ல, அப்பவே தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? சோறு எறங்கல எனக்கு! ராத்திரியெல்லாம் இந்தாளு வீட்டை விக்கிறதைப் பத்திப் பேசுறாரு! பால் பொங்குறப்பவும் பக்கத்துலதான நின்னீங்க? வாயில என்ன கேசரியா வச்சிருந்தீங்க?"

"ஆமா லெட்சுமி. கேசரிதான்" என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

மணியம்தான் முதலில் சிரித்தார். அந்த மனிதர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். லெட்சுமி கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

மாமியார் சிரிக்கவில்லை. அந்த ஃபோமைக் கை காட்டினார். "இந்தப் புள்ள அன்னைக்கே தொடைக்கத்தான் வந்துச்சு. தொடைக்காதன்னு சொன்னது நானு" என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பினார். "என்னடா விக்கிறது கிக்கிறதுன்னு பேசிக்கிட்டு இருக்கே? கிழக்கால பொங்குன வீடுடா இது. எவன் விப்பான்?"

லெட்சுமி போய் மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது நான் வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். அறை, எம்எம், ஏசி ரகம் எல்லாம் இன்றைக்குப் பிள்ளைகளுக்குப் போனிலேயே கிடைக்கிறது. தண்ணீர் தாங்கும் எஸ்பிசி தரைகூட வந்துவிட்டது. அந்த வீட்டில் என்ன சமைப்பார்கள், என்ன கும்பிடுவார்கள், எந்த நாளில் எதை எங்கே கொட்டுவார்கள் என்பது போனில் வராது. வாய் விட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றிலிருந்து நான் கேட்காத வீடு இல்லை.

அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. ரவி பலகைகளை ஒரே மத்தியானத்தில் மாற்றிவிட்டான். நான் வாயை மூடிக்கொண்டிருந்த மூன்று நாளும் லெட்சுமி சாப்பிடாமல் கிடந்தாளே, அதை யாராலும் மாற்ற முடியவில்லை. தப்பு தெரிந்தால் அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.