பத்தில் ஒன்றை எடுத்தால்

பத்து சிலிக்கான் அணுக்கள் சேர்ந்த ஒரு கொத்து. அதிலிருந்து ஓர் அணுவை எடுத்துவிட்டு, மீதி ஒன்பதும் எப்படி உட்காருகின்றன என்று பார்க்கக் கணினியிடம் கொடுத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருப்பேன். பல்கலைக்கழகத்தில் எனக்கு வாய்த்த வேலை அதுதான். ஒன்றைப் பிரிக்க எவ்வளவு ஆற்றல் செலவாகிறதோ, அந்த அளவுக்குக் கொத்து உறுதியானது. பத்து சேர்ந்தது லேசில் பிரியாது. முதன்முதலில் விடை வந்தபோது, ஒன்பதும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து காலி இடத்தை அடைத்திருந்தன. எனக்கு அண்ணனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

மலாயாவில், காஜா பெராங் தெரு வாடகை வீட்டில் பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேர், அண்ணன் மூத்தவர். மலாயா சுதந்திரத்துக்கு முந்திய வருஷம், தாத்தாவின் கருமாதிக்காக நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினார். திரும்பி வருவதற்கான பெர்மிட்டில் கெடு இருந்தது. அது அம்மாவுக்கும் தெரியும். ஆனால் அம்மாவுக்குக் கெடுவைவிட ஆடி மாதம் பெரிது. "ஆடியில கப்பல் ஏற வேணாம்னு எழுது. ஒரு மாசந்தானே, ஆபீஸ்ல சொன்னா கேட்டுக்குவாங்க," என்றார். நான்தான் எழுதினேன். பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் என்ற திமிர் வேறு, அழகாகவே எழுதினேன். அண்ணன் சொன்ன சொல் தட்டாதவர். ஆவணி பிறந்ததும் துறைமுகத்துக்குப் போனவரை, பெர்மிட் காலாவதி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மனு மேல் மனு போட்டோம். அதற்குள் சுதந்திரம் வந்துவிட்டது, அண்ணன் வெளிநாட்டுக்காரர் ஆகிவிட்டார். தெருவெல்லாம் கொடி, எல்லோரும் மெர்டேக்கா என்று கத்தினார்கள், நானும்தான் கத்தினேன். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். பாயில் அண்ணன் படுத்த இடத்தில் யாரும் படுக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். தூக்கத்தில் நாங்கள் உருண்டு உருண்டு, விடிவதற்குள் அந்த இடம் இல்லாமல் போய்விடும். நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

முப்பது வருஷம் கழித்து ஒரு மாத விசாவில் வந்தார். அம்மா அப்போது உயிரோடு இல்லை. என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். கணினிப் படத்தைக் காட்டிப் பெருமையாக விளக்கினேன். கடைசிவரை கவனமாகக் கேட்டார்.

"கழட்டி எடுத்தியே பாப்பா, அந்த ஒண்ணு என்னாச்சு?"

"அதத் தனியா கணக்குப் போடணும்ணே. ஆனா நேரமே ஆவாது. ஒத்த அணுதானே, ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும்."

அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு முப்பது வருசமாச்சு," என்றார்.