வலிக்காத நாளின் கஷாயம்

கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பஸ் நின்றது. ரிப்பேர் இல்லை. டிரைவர் முருகேசன் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்திருந்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் காதைப் பொத்திக்கொண்டார். பாதித் தலையில் இடி, கண்ணில் கண்ணாடித் தூளாக வெயில்.

வெள்ளிமலைப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் நான் சித்தா மருந்தாளுநர். அந்த பஸ்ஸில்தான் தினமும் போவேன்.

"இன்னொரு வாட்டி நடுவழியில நிறுத்துனா மலை ரூட்ட விட்டு எடுத்துடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டாருங்க மேடம்."

அது முருகேசன் பிறந்த மலை. அவர் பஸ்ஸில்தான் அவர் ஊரே ஏறி இறங்கும்.

அவரை எங்கள் நிலையத்துக்கு வரச் சொன்னேன். கண், பிரஷர் எல்லாம் பார்த்த டாக்டர் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தார். அடிக்கடி வராமலிருக்க எங்கள் சித்தா டாக்டர் சுக்கு, தனியா கஷாயச் சூரணம் எழுதினார். தினமும் குடிக்க வேண்டும். காலைச் சாப்பாட்டை விடக் கூடாது. பொட்டலம் மடித்துத் தந்தது நான்.

கொஞ்ச நாளில் மறுபடி வலி. காலை பஸ்ஸில் கேட்டேன்.

"கஷாயம் குடிச்சீங்களா?"

"வலிச்சப்ப குடிச்சனே."

"வலிக்காதப்ப?"

"அப்ப இன்னாத்துக்கு மேடம்? நல்லா இருக்கறவன் மருந்து குடிப்பானா?"

கண்டக்டர் தனசேகர் விடவில்லை. "பொட்டலத்த சாமி படத்துக்குப் பின்னால வச்சிருக்காருங்க. கும்புட்டாலே போதும்னு நெனச்சிக்கினு இருக்காரு."

அதற்குள் அடிவாரம் வந்துவிட்டது. முருகேசன் இறங்கி ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார். ஏற்றத்துக்கு முன்னால் ஒருநாளும் தவறவிடாத வேலை.

"இன்ஜின் சூடாயிடுச்சா?" என்றேன்.

"இல்லீங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு ஊத்துறீங்க?"

"நடு மலையில சூடான பெறகு ஊத்தி இன்னா..." குடத்தோடு அப்படியே நின்றார். பிறகு சிரிப்பு வந்தது, தோள் குலுங்கக் குலுங்க.

"இனிமே ரெண்டு ரேடியேட்டருண்ணே!" என்று தனசேகர் விசில் ஊதினான்.

மறுநாளிலிருந்து அடிவாரத்தில் வண்டிக்குத் தண்ணீர், அவருக்கு பிளாஸ்க்கிலிருந்து கஷாயம். அவர் இட்லி சாப்பிடாமல் தனசேகர் டபுள் விசில் கொடுப்பதில்லை. வலி அறவே போனது என்று சொன்னால் பொய். எப்போதாவது, அதுவும் வீட்டில் இருக்கும்போது வந்தது; மாத்திரைக்கு அடங்கியது. வழியிலுள்ள கோமுகி அணைத் தண்ணீர் வெயிலைக் கண்ணுக்குள் எறிந்த கோடையிலும் பஸ் நிற்கவில்லை.

மேனேஜர் ரூட் மாற்றியபோது மற்ற டிரைவர்கள் மாறினார்கள். முருகேசன் மலையிலேயே இருந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். பொட்டலத்தை நீட்டுவதற்கு முன், தினமும் தவறாமல் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். மருந்தை அதன் பக்கத்தில் வையுங்கள்.

ரூட் உறுதியான அன்று, ஒரு ஹாரனுக்குக் காதைப் பொத்திய அந்த மனிதர், ஒவ்வொரு வளைவிலும் தானே ஹாரன் அடித்துக்கொண்டு மலையேறினார்.