அம்மா மறைக்காத மாத்திரை

பாலக்கோடு மண்டியில், நசுங்கிக் கிடந்த தக்காளி வழுக்கி அம்மா விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இடுப்பு மூட்டில் பாதியை மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். செயற்கை மூட்டை, எலும்போடு ஒட்டவைக்கும் சிமெண்ட் வைத்தும் பொருத்தலாம், வைக்காமல் இறுக்கியும் பொருத்தலாமாம்.

"எலும்பு பொலபொலன்னு இருக்கு. சிமெண்ட் வச்சா வலி குறையும், சீக்கிரம் நடப்பாங்க. ஆனா இதயம் தாங்கணும். நெஞ்சுக்கு மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறாங்களா?"

"இல்லீங்க" என்றேன். உண்மையைச் சொன்னால் ஆபரேஷனே செய்யாமல் அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"பொய்யிங்க டாக்டரு! மூணு வருசமா தின்னுட்டிருக்கேன். வுழுந்தது நானு, பயம் மட்டும் இவனுக்கு!"

டாக்டர் சிரிக்கவில்லை. இதயத்தைச் சோதித்தார், மயக்க மருந்து டாக்டரோடு கலந்து பேசினார், கூடுதல் கவனத்தோடு சிமெண்டே வைத்தார். மறுநாள் வாக்கரைப் பிடித்து அம்மா வைத்த முதலடியில்தான் எனக்கு மூச்சு திரும்பியது. அந்த டாக்டருக்கும் அம்மாவின் வாய்க்கும் நன்றி.

இப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கேட்கும் முன்பே மாத்திரை அட்டைகளை மேசைமேல் பரப்பிவிடுகிறேன். ஒன்றாவது குறைகிறதா என்று அம்மா எட்டிப் பார்க்கிறார்.