மூன்று மூடி

எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, திண்டுக்கல்லில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் இரண்டு ஆண்டுகள் கழிவுநீரைப் பரிசோதித்தேன். மாதிரி எடுப்பேன், அளப்பேன், படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதை மேலாளர் ஒருவர் மட்டும் வாசிப்பார். மூன்றாம் ஆண்டு அந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு நாளிதழின் வேளாண் அறிவியல் பக்கத்துக்கு உதவி ஆசிரியராகப் போனேன்.

எங்கள் ஊர் சேவுகம்பட்டிக்குப் போய்ச் சொன்னபோது அம்மா கனகாம்பரம் பறித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எழுதுறதுக்கு எதுக்குத்தா கெமிஸ்ட்ரி? அதுக்குப் பத்தாப்பு போதுமே."

அந்தக் கேள்வியோடுதான் பஸ் ஏறினேன்.

பத்திரிகையில் நான் முதலில் கற்றது சொற்களை வெட்டுவது. என் முதல் கட்டுரையில் 'செறிவு', 'கரைசல்', 'மில்லி' எல்லாவற்றையும் பக்க ஆசிரியர் சுழித்துக் கொடுத்தார். வாசகர் தோட்டத்தில் நின்று படிக்கிறார், அவர் கையில் அளவுக் குவளை கிடையாது என்றார். நியாயமாகப் பட்டது. இரண்டாம் மாதம், பூச்செடிகளில் அசுவினிப் பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளிப்பதைப் பற்றி எழுதினேன். பத்து லிட்டர் தண்ணீருக்கு முப்பது மில்லி எண்ணெய் என்பது அளவு. கடையில் வாங்கிய வேப்பெண்ணெய் பாட்டிலின் மூடியை அளந்து பார்த்தேன். பத்து மில்லி பிடித்தது. 'மூன்று மூடி' என்று எழுதினேன். ஆசிரியர் அந்த வரியில் கை வைக்கவே இல்லை. அன்று முழுக்க அதை நினைத்து மகிழ்ந்தேன்.

கட்டுரை வெளியான நான்காம் நாள் அம்மா போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. நான் எழுதியபடியே தெளித்ததாகவும், ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகும்படியும் சொன்னார்.

மேற்குப் பாத்தி முழுவதும் இலைகள் ஓரம் கருகிக் கிடந்தன. தொட்டால் நொறுங்கின. அந்தப் பூ விற்ற காசில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். செய்தி சேகரிக்கப் போன இடத்தில் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டேன். தெளித்தது சாயங்காலம். டேங்க் பத்து லிட்டர்தான். சோப்புத் தண்ணீரும் கலந்திருக்கிறார். எண்ணெய் மூன்று மூடி.

எந்த மூடி என்று கேட்டேன்.

அம்மா மோட்டார் ரூமுக்குள் போய், ஆணியில் சணலில் தொங்கிய ஒரு நீல மூடியை எடுத்து வந்தார். எந்த மருந்து வாங்கினாலும் எங்கள் தோட்டத்தில் அந்த மூடியால்தான் அளப்பார்கள். அது எந்த பாட்டிலோடு வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. பள்ளி நாள்களிலிருந்து நான் பார்த்த மூடி அது. எழுதும்போது எனக்கு அது தோன்றவே இல்லை.

மெடிக்கல் கடைக்குப் போய் ஊசி இல்லாத பத்து மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி வந்தேன். அம்மா மூடியைப் பிடித்துக்கொள்ள, நான் தண்ணீர் விட்டேன். மூன்று சிரிஞ்ச் தண்ணீர் போனது. அந்த ஒரு மூடியே முழு அளவு. அம்மா மூன்று ஊற்றியிருக்கிறார்.

"அப்ப நான்தான் கூட ஊத்திட்டேனா?"

"இல்லம்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அம்மா சிரிஞ்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அஞ்சு வருசம் இதைத்தான் படிச்சியா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப இதை எழுதியிருக்கலாம்ல."

தவறு நேர்ந்தால் பக்கத்தின் அடியில் இரண்டு வரியில் 'திருத்தம்' போடுவது பத்திரிகை வழக்கம். மூடியால் அளப்பவர் அந்த மூலையைப் பார்க்க மாட்டார் என்று ஆசிரியரிடம் சொன்னேன். முழுக் கட்டுரையாகக் கேட்டேன். நீல மூடியையும் வேறு இரண்டு மூடிகளையும் வரிசையாக வைத்து எடுத்த படம், 'உங்கள் வீட்டு மூடி எத்தனை மில்லி?' என்ற தலைப்பு. போன கட்டுரையில் சொன்ன அளவு தவறு, அதை எழுதியது நான் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேன். சிரிஞ்சால் அளந்து மூடியின் உள்ளே பத்து மில்லி மட்டத்தில் நகப்பூச்சால் கோடு போடவும், பிறகு மருந்து மூடியில் பட்ட அந்தச் சிரிஞ்சை வீட்டுக்குள் கொண்டுபோகாமலிருக்கவும் எழுதினேன். எங்கள் பக்கத்தில் கட்டுரைகளுக்குப் பெயர் போடுவதில்லை. ஆசிரியர் படித்து முடித்து ஒன்றுதான் கேட்டார்.

"இதை உங்க பேர்ல போடவா?"

போடச் சொன்னேன். என் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது அதே மெடிக்கல் கடையில் சிரிஞ்ச் தீர்ந்துபோயிருந்தது. ஆளாளுக்கு ஒரு மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவதாகக் கடைக்காரர் சொன்னார். "இம்புட்டு சிரிஞ்ச் எதுக்கு, ஊரே படுத்திருச்சான்னு ஏஜென்சிக்காரன் கேக்குறான். ஏதோ பேப்பர்ல வந்துச்சாம்." நான்தான் எழுதினேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

தோட்டத்தில் கருகிய செடிகளை வெட்டிக் கவாத்து செய்திருந்தார்கள். சிலவற்றில் துளிர் வந்திருந்தது, சில போய்விட்டன. நீல மூடியின் உள்ளே சிவப்பில் ஒரு கோடு தெரிந்தது. பக்கத்துத் தோட்டத்து அக்கா அந்த மூடியை இரவல் கேட்டு வந்திருந்தார். அம்மா கொடுக்கவில்லை.

"உன் மூடியக் கொண்டா, அளந்து கோடு போட்டுத் தாரேன்."

இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று அந்த அக்கா கேட்டார். நான் வரப்பில் நிற்பதை அம்மா பார்க்கவில்லை.

"எம் மக கெமிஸ்ட்ரி படிச்சவ. அதான் பேப்பர்ல எழுதுறா."