உப்புப் பார்க்க முடியாத கத்தரிக்காய்

முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரித்தால் எனக்கு மரியாதையாக இருக்காது. இறால் அடைத்த கத்தரிக்காய்க்கு ஒரு கல்யாண ஆர்டர் கிடைக்க வேண்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டு, ஆடிக் கிருத்திகைக் காவடிக்கு மாலை போட்டேன். மாலை போட்டவன் இறாலை வாயில் வைக்க முடியாது என்பது மறுநாள் பல் விளக்கும்போதுதான் உறைத்தது.

“ஆர்டர் வரணும்னு வேண்டிக்கினியா, வரக் கூடாதுன்னு வேண்டிக்கினியா?” என்றாள் என் மனைவி.

ஏன் அவ்வளவு அவசரம்

அப்போது திருத்தணியில் சித்தூர் ரோட்டு ஓட்டல் ஒன்றில் நான் மாஸ்டர். அதற்கு முன் பல வருடம் சுற்றுலாக் கப்பலில் சமையல். அங்கே நியூ ஆர்லியன்ஸ்காரரான ஒரு செஃப் கிரியோல் சமையல் கற்றுக்கொடுத்தார். பிரெஞ்சுக்காரனும் ஆப்பிரிக்கனும் ஒரே அடுப்பில் நின்றதால் வந்த சமையல் என்பார். கத்தரிக்காயில் இறாலும் நண்டும் அடைத்துச் சுடுவது அதில் ஒன்று.

பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருந்த முனிரத்தினம், மகள் ரிசப்ஷனுக்கு யாரும் போடாத ஐட்டம் கேட்டு வந்தார். நான் கத்தரிக்காயைச் சொன்னேன். சாம்பிள் செய்து காட்டுங்கள், பிடித்தால் முழுச் சாப்பாடும் உங்களுக்கே என்றார். அவர் போனதும் முதலாளி என்னிடம் வந்தார்.

“இது வரலன்னா நான்வெஜ்ஜ மூடிட்டு டிபனோட நிறுத்திக்கப் போறேன் மாஸ்டர். இட்லி ஊத்துறதுக்கு கப்பல்காரர் எதுக்கு?”

அதனால்தான் மாலை. இறாலைத் தொடலாமா என்று மாலை போட்டுவிட்ட பெரியவரைக் கேட்டேன். “பொழப்புக்குத் தொடு. குளிச்சிட்டு கோயிலுக்கு வா. வாயில மட்டும் வெக்காத” என்றார்.

சாம்பிள்

பெரிய கத்தரிக்காயை நீளவாட்டில் இரண்டாக வெட்டி, கசப்பு போக உப்புத் தடவி வைக்க வேண்டும். தண்ணீர் விட்டதும் பிழிந்து, எண்ணெய் தடவி ஓவனில் பாதி வேகவிட்டு, தோல் கிழியாமல் சதையைச் சுரண்ட வேண்டும். வெங்காயம், குடைமிளகாய், செலரி மூன்றும் சேர்ந்ததுதான் மசாலாவுக்கு அஸ்திவாரம். செலரிக்குக் கொத்தமல்லித் தண்டு போட்டேன். தைம் இலைக்குப் பதில் கற்பூரவல்லி. கப்பல் செஃப் பார்த்திருந்தால் கடலில் குதித்திருப்பார். அதில் இறால், உதிர்த்த நண்டு, கத்தரிச் சதை, ரஸ்க் தூள். பிறகு தோலில் அடைத்து, மேலே இன்னும் கொஞ்சம் ரஸ்க் தூவி, வெண்ணெய் வைத்து, சிவக்கச் சுடுவது.

அடைப்பதற்கு முன் உப்புப் பார்க்க வேண்டும். மனைவி எனக்காக அவளும் கவுச்சியை விட்டிருந்தாள். முதலாளி சைவம். மிச்சம் பரோட்டா மாஸ்டர் சீனு. நகரிக்காரன், வீட்டில் தெலுங்கு; மச்சான் என்பதை ‘பாவா’ என்பான். பெரிய பர்னர் யாருக்கு என்ற தகராறில் நாங்கள் பேசிக்கொள்ளாமல் இருந்த நேரம் அது. வேறு வழியில்லாமல் கரண்டியை நீட்டினேன்.

“உப்பு எப்படி?”

“சரியா கீது.”

“நல்லா பாத்து சொல்லு.”

“சரியா கீதுன்றேன் பாவா.”

சொல்லும்போது லேசாகச் சிரித்தான். நான் அந்தச் சிரிப்பை மட்டும்தான் பார்த்தேன். உப்புக் குறைவாக இருக்கிறது, நான் கெடட்டும் என்று மறைக்கிறான் என முடிவு கட்டினேன். அவன் மாவுப் பக்கம் திரும்பியதும் ஒரு சிட்டிகை போட்டேன். கப்பலில் அண்டாவுக்குப் போட்டுப் பழகிய கை. அதன் சிட்டிகை சின்னதில்லை. கத்தரிக்காய் ஏற்கெனவே உப்பில் ஊறியது, இறாலைக் கல்லுப்பில் அலசியது எல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

முனிரத்தினம் வருங்கால மாப்பிள்ளையோடு வந்தார். மாப்பிள்ளைக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை, சொந்த ஊர் கடலோரம். ஒரு வாய் சாப்பிட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னொரு வாய், இன்னொரு டம்ளர்.

“எப்படி கீது மாப்ள?”

“எறா நல்லா இருக்கு மாமா. கடல்தண்ணிய வடிக்காம வெச்சிட்டாரு.”

முதலாளி என்னைச் சொத்தைக் கத்தரிக்காயைப் பார்ப்பது போலப் பார்த்தார். முனிரத்தினம் என் பக்கம் திரும்பினார். “நீங்க வாயில வெச்சே பாக்கலியா?”

சட்டைக்குள் இருந்த மாலையை வெளியே எடுத்துக் காட்டினேன். அவர் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“மாலை போட்டுகினா இத செஞ்சீங்க?”

“ஆங்.”

மாப்பிள்ளையின் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். “கிருத்திகை முடியட்டும். மாலைய கழட்டிட்டு ஒருவாட்டி செஞ்சு குடுங்க. அப்பவும் இப்படியே இருந்தா வேற எடம் பாத்துக்கறேன்.”

அப்புறம்

காவடி எடுத்தேன். மாலையைக் கழற்றினேன். இரண்டாம் முறை என் நாக்காலேயே உப்புப் பார்த்துச் செய்தேன். மாப்பிள்ளை தண்ணீரே கேட்கவில்லை. ஆர்டர் வந்தது, நான்வெஜ் பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

புதிதாக அடுப்புக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் ஒன்றுதான் உண்டு. உப்புப் பார்க்க ஒருவரைக் கூப்பிட்டால், அவர் சொல்வதை நம்புகிற எண்ணம் இருந்தால் மட்டும் கூப்பிடுங்கள். உன்னை நம்பாதது என் தப்பு என்று சீனுவிடம் நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரிசப்ஷன் அன்று, சமாதானமாகப் போகட்டுமே என்று முதல் கரண்டியை அவனிடம் நீட்டி, உப்புப் பார்க்கச் சொன்னேன்.

பரோட்டாவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

“நீயே துன்னு பாரு, பாவா.”