கிரேஸ் அக்காவும் அண்டா போன ஓடையும்

கிரேஸ் அக்கா இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. அதுவும் அவரை வெளியே தள்ளிய அதே குழுவில். ரோஜாப்பூ வளையத்துக்குள் அவர் படத்தை ஒட்டி, கீழே இரண்டு மெழுகுவர்த்தியும் வைத்து, 'இயற்கை அன்னை மறைந்தார்' என்று போட்டிருந்தார்கள். படத்தில் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறார். எங்களைப் பார்த்த நேரமெல்லாம் அவர் முகம் அப்படித்தான் இருந்தது, அதனால் வேறு படம் கிடைத்திருக்காது. ஐந்து நிமிடத்துக்குள் கும்பிடும் கைகள் வரிசை கட்டின. உயிரோடு இருந்தபோது தெருவில் பார்த்தால் ஒதுங்கிப் போனவர்கள் எல்லாம் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். பொம்மைக் கைதானே, வலிக்கவா போகிறது.

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு நாலு வரி. அக்கா நாசரேத்தில் பிறந்தவர். நீர்ப்பாசனப் பிரிவில் ஓவர்சியராக முப்பது வருடம் மலையடிவாரத்து ஓடைகளிலும் கால்வாய்களிலும் தண்ணீரை அளந்தவர். ஓய்வு பெற்றபின் மில்லர்புரத்தில் தங்கையோடு இருந்தார். நாங்கள் என்பது தூத்துக்குடியில் ஒரு பத்துப் பன்னிரண்டு குடும்பம். வருடத்துக்கு இரண்டு தடவை வேன் பிடித்து, பிள்ளை குட்டிகளோடு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு ஓடைப் பள்ளத்தாக்குக்கு நடக்கப் போவோம். மரம் அடர்ந்த இடம். பாதை ஓடையை ஒட்டியே போகும், ஏற்றம் அதிகமில்லை, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டும் நடக்கலாம். உடைமரத்தையும் உப்பளத்தையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது பெரிய காரியம். வழி தெரிந்தவர் அக்கா ஒருவர்தான்.

முதல் தடவை வேன் கிளம்பும் முன் அக்கா எங்கள் சாமான்களைப் பார்த்தது நினைவிருக்கிறது. பிரியாணி அண்டா, நாலு பாய், ஒரு ஸ்பீக்கர் பெட்டி, கைப்பிடியோடு ஐஸ் பெட்டி. பெண்களில் இரண்டு பேர் குதிகால் செருப்பு. ஆண்கள் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் சென்ட் அடித்திருந்தோம். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நடக்க வாறியளா, பந்தி வைக்க வாறியளா?" என்று கேட்டார். ஸ்பீக்கரை மட்டும் டிரைவர் சீட்டுக்கு அடியில் தள்ளினார். "காட்டுக்கு உங்கள யாரும் பத்திரிகை வச்சுக் கூப்பிடல. சத்தங்காட்டாமப் போயிட்டு வரணும்."

நடக்கும்போது அவருக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. கூட்டத்தில் எது சின்னக் காலோ அது முன்னால் போக வேண்டும், மற்றவர்கள் அதன் பின்னால். அப்போது சின்னக் கால் என் மகள் மெர்லினுடையது, ஆறு வயது. அவள் நின்றால் எல்லோரும் நின்றோம். அவள் குனிந்து கூழாங்கல் பொறுக்கினால், துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுக்கும் இன்னாசி அண்ணாச்சியும் இடுப்பில் கை வைத்துக் காத்துக்கொண்டு நின்றார். அவர் டக் போட் என்கிற இழுவைப் படகில் சிராங்கு, படகாட்களுக்குத் தலைவர். குழுவின் அட்மினும் அவர்தான். ஆறு வயதுப் பிள்ளையின் முதுகைப் பார்த்து நடப்பது அவருக்கு எவ்வளவு கசந்தது என்பது அவர் மூச்சுவிடும் சத்தத்திலேயே தெரியும்.

அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று இப்போது எழுதுகிறார்களே, அதுவும் பொய். ஒரு தடவை யாரோ ஒரு மரத்தைக் காட்டிப் பேர் கேட்டார்கள். "தெரியாது" என்றார். ஓவர்சியராக இருந்தவருக்குத் தெரியாதா என்று இழுத்தபோது, "பேரு தெரிஞ்சாத்தான் நிழல்ல நிப்பியோ?" என்று சொல்லிவிட்டு நடந்தார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஆளை எங்கள் குழுவில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இனி அந்த ஓடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாவது பயணம். பள்ளத்தாக்கின் நடுவில் ஓடை அகன்று, மத்தியில் ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. முழங்கால் தண்ணீரில் நடந்து போய் ஏறிவிடலாம். பின்னால் ஒரு பெண்ணுக்குக் கால் பிசகி, அக்கா அவருக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், இன்னாசி அண்ணாச்சி அண்டாவோடு எல்லோரையும் அந்தப் பாறைக்கு ஏற்றிவிட்டார். பாய் விரித்தோம். இலை போட்டோம். தலைக்கு மேல் நல்ல வெயில்.

அக்கா கரைக்கு வந்து தண்ணீரைப் பார்த்தார். காலையில் கூழாங்கல் எண்ணும்படி இருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. "எந்திரிங்க. சோத்தப் போட்டுட்டு எந்திரிங்க. மேல மலையில மழை" என்று கத்தினார்.

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. இங்கேதான் எங்கள் ஊர் அறிவைச் சொல்ல வேண்டும். கடலில் தண்ணீர் ஏறினால் ஆறு மணி நேரம் எடுத்து, கேட்டுக்கேட்டு ஏறும். மழை பெய்தால் நாம் நிற்கிற இடத்தில்தான் பெய்யும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நாங்கள் மலை ஓடையை எடை போட்டோம். இன்னாசி அண்ணாச்சி ஒரு கல்லை எடுத்துத் தண்ணீர் விளிம்பில் வைத்தார், வெள்ளம் ஏறினால் தெரியுமாம். "மூணு ஆளு ஒசர அலையில கப்பல இழுத்தவன்ட்ட முழங்கால் தண்ணியக் காட்டியா பயங்காட்டுதிய?" என்றார். என் பங்குக்கு நானும் சொன்னேன்: "கொஞ்சம் பொறுங்கக்கா, கறி ஆறிரும்." என் தாத்தா தோணியில் கொழும்புக்குப் போனவர். நான் ஏற்றுமதி ஆபீசில் கப்பலைக் காகிதத்தில் மட்டும் பார்க்கிறவன். பேச்சு மட்டும் தாத்தாவுடையது.

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். தொடை வரை வந்துவிட்டது. பாறைக்கு வந்து, வாயில் சோற்றோடு இருந்த மெர்லினை இடுப்பில் தூக்கிக்கொண்டார். "ஏலே, நீ கெடக்கணும்னா கெட. பிள்ளைக்கு என்னலே தலையெழுத்து?" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். அதைக் கேட்டதும் பெண்கள் எழுந்தார்கள், அவரவர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்து இறங்கினார்கள். ஆண்கள் நாங்கள் கடைசியில், இடுப்பளவுத் தண்ணீரில், கரைக்கு வந்து விழுந்தோம். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பாறையைக் காணோம். கல் வைத்துப் பார்த்த இடம் எங்கே என்றும் தெரியவில்லை. ஒரு முழு மரம் உருண்டு போனது.

அந்தக் கரையில் நின்று எங்கள் கூட்டம் பேசிய முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அண்டா போச்சே." சொன்னவர் இன்னாசி அண்ணாச்சி. மெர்லினை இறக்கிவிடாமலே அக்கா திரும்பிப் பார்த்தார். "முப்பது வருசமாத் தண்ணிய அளந்துருக்கேன். ஒங்க புத்திய அளக்க ஒரு கோலும் கெடையாது."

பாளையங்கோட்டை வரை வேனில் பயம் இருந்தது. வல்லநாடு தாண்டும்போது பயம் இறங்கி ரோஷம் ஏறிவிட்டது. "என்ன இருந்தாலும் பொம்பள இப்படிப் பேசலாமா" என்று ஒரு குரல். "பிள்ளையள வச்சுக்கிட்டு ஆம்பளைய 'ஏலே'ங்கா பாத்தியளா" என்று இன்னொரு குரல். முன் சீட்டில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தவருக்கு இது கேட்டிருக்கும். நன்றி என்று ஒரு வாய் சொல்லவில்லை. என் வாயும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணாச்சி வீட்டு மாடியில் கூட்டம். ஓடையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இல்லை, அக்காவின் வாய்க்கு. அவரைக் குழுவை விட்டு நீக்கலாமா என்று கேட்டு, சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். எனக்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. அண்ணாச்சி எனக்கு மேலதிகாரி இல்லை, சொந்தமும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கினார்கள், தூக்கினேன். பிறகு எங்கள் குடும்ப நடை, நீச்சல்குளம் உள்ள ரிசார்ட்டுக்கு மாறியது. அங்கே வேனிலிருந்து அறைக்கும், அறையிலிருந்து சாப்பாட்டுக்கும் நடந்தோம். கிரேஸ் ஆன்ட்டி ஏன் வரவில்லை என்று மெர்லின் கேட்டபோது, "அவங்களுக்கு முட்டுவலி, நடக்க முடியாது" என்றேன். ஆறு வருடம் அந்த முட்டுவலியை நான் காப்பாற்றி வந்தேன்.

ஒரே ஒரு தடவை மில்லர்புரத்தில் ஒரு பேக்கரி வாசலில் அக்கா எதிரே வந்துவிட்டார். ஒளிய இடமில்லை. "மெர்லின் நடக்காளா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை டியூசன் என்றேன். "நல்லது. ஒங்க சகவாசத்துக்கு டியூசன் எவ்வளவோ தேவல" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போனார்.

அடக்கத்துக்குப் போனோம். தெருமுனையில் குழுவின் பெயரோடு ஆளுயர ஃபிளெக்ஸ். அக்கா படம் சின்னதாக, எங்கள் பெயர்கள் பெரிதாக. வீட்டில் ஜெபம் முடிந்ததும் இன்னாசி அண்ணாச்சி பேசினார். அன்றைக்கு ஓடையில் தண்ணீர் வருவதை அக்காவும் தானும் சேர்ந்து கண்டுபிடித்து, இத்தனை உயிரைக் கரை சேர்த்த கதையைச் சொன்னார். கைக்குட்டை எடுத்தார். அந்தக் கைக்குட்டையையும் ஓடை கொண்டு போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் ஆட்கள் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை, ஆனால் மறுத்தும் பேசவில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் அக்காவின் தங்கை உட்கார்ந்திருந்தார். மெர்லின் அவர் கையைப் பிடித்து, "ஆன்ட்டிக்கு முட்டுவலி ரொம்ப இருந்துச்சா?" என்று கேட்டாள். "முட்டுவலியா? போன மாசம் வரைக்கும் தெனமும் கடற்கரை பூரா நடந்தாளே, அவளுக்கு எங்கன முட்டுவலி?" என்றார் தங்கை. மெர்லின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் திராணி இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் மாடியில் நடந்ததைச் சொன்னேன்.

"நீங்களும் கை தூக்கினீங்களாப்பா?"

"ஆமா."

"அவங்கதான என்னையத் தூக்கிட்டு வந்தாங்க?"

"ஆமா."

"சீ" என்றாள். அதற்குப் பிறகு இதை எழுதும் இன்று வரை சரியாகப் பேசவில்லை.

குழுவில் எல்லோரும் அக்காவிடமிருந்து கற்றதைப் பட்டியல் போடுகிறார்கள். காட்டை நேசிக்கக் கற்றார்களாம். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. என்னைக் கேவலமாகப் பார்க்க என் மகள் உயிரோடு இருக்கிறாள். கிரேஸ் அக்கா எனக்கு வைத்துவிட்டுப் போனது அதுதான்.