அப்டேட்டில் போன அறுபது தோப்புகள்

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையத்தில் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் செய்கிறேன். வழி கேட்கக் கூச்சப்பட்டு, போகிற தோப்பையெல்லாம் செல்போன் மேப்பில் குறித்து வைப்பேன். ஒருநாள் அப்டேட் என்று வந்து என்னென்னவோ கேட்டது. என் பெயரைப் போட்டேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் அறுபது தோப்பும் இல்லை.

அன்று தேவதானத்தில் ஓர் அம்மாவுக்கு மோட்டார் நின்று, கதிர் விட்ட நெல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் தோப்பை ஒட்டிய வயல், நாலு தடவை போன இடம். அவரிடம் வழி கேட்க நா எழவில்லை. வாய்க்கால் கரையில் ஒரு மணி நேரம் சுற்றினேன். போனைத் தண்ணீரில் எறியலாம் போல எரிச்சல். மகளுக்குப் போன் விவரமெல்லாம் தெரியும். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில், சம்பந்தி வீட்டில் இருக்கிற பிள்ளையைப் பகலில் எப்படிக் கூப்பிடுவது? வேறு வழியில்லாமல் கூப்பிட்டேன்.

“ஏம்ப்பா, உங்க பேரையா போட்டீக? போன் வாங்குனப்போ எம் பேரைத்தான போட்டுக் குடுத்தேன். எடமெல்லாம் அதுலதான் கெடக்கு. மறுபடி எம் பேரைப் போட்டு, நான் சொல்லுத நம்பரை அமுக்குங்க.”

அமுக்கினேன். எல்லாம் வந்துவிட்டது.

“நீங்க தோப்பைக் குறிச்சா என் போன்லயும் வரும்ப்பா. ரெண்டு நாளா ஒண்ணும் வரல. மேலுக்கு முடியலையோன்னு பயந்து கெடந்தேன்.”

“கூப்பிட வேண்டியதுதானட்டி?”

“நீங்க கூப்பிட்டீகளாக்கும்?”

மத்தியானத்துக்குள் வயலில் தண்ணீர் பாய்ந்தது. அவளைப் பகலில் கூப்பிட இன்னும் கூச்சம்தான். வேலையில்லாத நாளில் என் கடையையே ஒரு தடவை குறித்துவிடுகிறேன்.

ஆவணி ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.